சப்பிரகமுவத் தோட்டங்களும் பாதுகாப்புச் சட்டங்களும்

அரசு குடிகளைக் காக்கும் பொருட்டு அமைந்தது; அக்காவலின் பொருட்டுக் குடிகள் தம் உரிமையில் ஒரு பகுதியை அரசிடம் ஒப்புவிக்கின்றனர் என்பர் மேனாட்டு அரசியல் நூலோர். ஒப்புவித்த பகுதி எவ்வளவு, அதனை அரசு எவ்வாறு கையாண்டது, கையாண்டமைக்குக் கணக்குக் கேட்டவர் யார் என்னும் வினாக்களுக்கு நூல்கள் தரும் விடையினும் ஒரு நிலப்பகுதியின் வரலாறு தரும் விடை தெளிவுடையது. இலங்கையில் அத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற நிலப்பகுதி சப்பிரகமுவ மாகாணம். கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இது 1889ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கங்களில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களில் தேயிலையும் செழித்தன. பள்ளத்தாக்குகளில் சிங்களக் கிராமங்கள். மாவனல்லை போன்ற கடைத்தெருக்களில் முஸ்லிம் வணிகர். மலைச்சாரல்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். பாதுகாப்பின் பெயரால் எழுந்த சட்டங்கள் இம்மூவரையும் வெவ்வேறு காலங்களில் தீண்டியுள்ளன. வடக்கையும் கிழக்கையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். இம்மலைச்சாரலைப் பற்றி எழுதினோர் சிலரே.

தோட்டத் தொழிலாளருடைய தனிமனித சுதந்திரம் தொடக்கத்திலேயே குறைபட்டிருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாம். பட்ட கடனைக் குறிக்கும் ‘துண்டு’ கையில் இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் வேலையும் கிடையாது. நகரத்தில் ஒருவன் ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு. தோட்டத்தில் மீறினால் அது குற்றம். இவ்வேற்றுமை அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவிப் பின் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிந்தது. அதன் பொருட்டு உழைத்தோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முன்னிற்பவர்.

நிற்க. இம்மாகாணம் முழுவதையும் ஒருங்கே பிணித்த முதற் பாதுகாப்பு நடவடிக்கை 1915ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலகம் இருப்புப்பாதை வழியே பரவிக் கேகாலைப் பகுதியையும் அடைந்தது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் மாண்டன. கலகத்தை அடக்குவது அரசின் கடன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தேசாதிபதி சேர் றொபேட் சாமேர்ஸ் யூன் 2ஆந் திகதி மேல் மாகாணத்திலும் சப்பிரகமுவ மாகாணத்திலும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். பின்னர் வேறு மாகாணங்களுக்கும் அது விரிந்தது. கலகமோ யூன் முதல் வாரத்துடன் பெரிதும் ஓய்ந்துவிட்டது. இராணுவச் சட்டம் ஆகஸ்து 30ஆந் திகதி வரை நீடித்தது. அறுவரும் எழுவருமாய்க் கலகக்காரர் திரிந்த நாள்களுக்கு வேண்டிய மருந்து, அவர்கள் வீடு திரும்பிய பின்னர் ஏறத்தாழ மூன்று திங்கள் புகட்டப்பட்டது.

அம்மூன்று திங்களில் நடந்தவை யாவை? நாட்டின் சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கவே, பொதுமக்கள் இராணுவ நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். கொழும்பில் எட்வர்ட் என்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் யூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சேதத்திற்கு ஈடாகச் சிங்களக் கிராமங்களிலிருந்து பணம் தண்டப்பட்டது. கேகாலைப் பகுதியில் நேர்ந்தது இவற்றினும் கொடியது. ஆங்குக் காவற்பணியில் ஈடுபட்ட ஐரோப்பியத் தொண்டர் படையினர் சிலர், விசாரணை எதுவுமின்றியே கிராமத்தவரைச் சுட்டுக் கொன்றனர். தோட்டத்தில் கேள்வியின்றி ஆணையிட்டுப் பழகிய வகுப்பாரின் கையில் துப்பாக்கியும் இராணுவச் சட்டமும் சேர்ந்து கொடுக்கப்பட்டன, விளைவு வியத்தற்குரியதன்று.

இவற்றைச் சட்ட நிரூபண சபையில் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சிங்கள மக்கள் நடுங்கியிருந்த அவ்வேளையில் ஒரு தமிழர் அவர்களுக்காகப் பேசினார். போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். இக்கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் இயற்றிய ஆங்கில நூல் 1916ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. இராமநாதன் முஸ்லிம்கள் பட்ட துன்பத்தை உரிய அளவிற் கருதவில்லை என்று பின்னாளில் அவரைக் குறை கூறியவருளர்; அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் அவர் எழுப்பிய சட்ட வினா நிலைபெற்றது: ஆபத்து நீங்கிய பின்னர் ஆபத்துக்கால அதிகாரம் எங்ஙனம் நிற்கும்?

சாமேர்சின் பின் வந்த தேசாதிபதி சேர் யோன் அண்டர்சன், கேகாலைப் பகுதிக் கொலைகளைப் பற்றி ஆராய ஆணைக்குழுவொன்றை நியமித்தார். சுட்டவர்கள் கூறிய நியாயத்தை அவர் ஏற்கவில்லை. எனினும் குற்றவாளிக் கூண்டில் அவர்களை நிறுத்த வழியிருக்கவில்லை. இராணுவச் சட்டம் நீங்குமுன்னரே, அதன் கீழ்ச் செயற்பட்டோரை வழக்கிலிருந்து காக்கும் பொறுப்பு விலக்குக் கட்டளை 1915 ஆகஸ்தில் பிறப்பிக்கப்பட்டிருந்தது. உண்மை வெளிவந்தது, நீதி வரவில்லை. ‘பொறுப்பு விலக்கு’ என்னும் இச்சொற்றொடரை வாசகர் நினைவில் இருத்துவாராக. அது மீண்டும் மீண்டும் இம்மாகாணத்தின் கதையில் தலைகாட்டும்.

1937ஆம் ஆண்டில் வேறொரு காட்சி. மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழில் பழகவந்த பிறேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் சேர்ந்து மேடைகளிற் பேசலானார். அவரை நாடு கடத்துமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸ் 1896ஆம் ஆண்டின் பழைய அரசவைக் கட்டளையொன்றின் கீழ் ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாது எனத் தீர்த்து, 1937 மே 18ஆந் திகதி அவரை விடுவித்தது. அவசரகாலத்துக்கென அளிக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்திற் பயன்படுத்தலாகாது என்பது தீர்ப்பின் சாரம். பிறேஸ்கேடிலுக்காக வாதிட்டவர் எச். வி. பெரேரா. அரசாங்க சபையில் இவ்வாணையைத் தாக்கிப் பேசியோருள் ஒருவர் கேகாலை மாவட்டத்து உருவன்வெல்லைத் தொகுதி உறுப்பினர் என். எம். பெரேரா, அத்தொகுதி இறப்பர் தோட்டங்கள் நிறைந்தது. அவரும் கொல்வின் ஆர். டி சில்வாவும் மற்றுஞ் சிலரும் 1940 யூனில் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டு, 1942 ஏப்பிரில் 5ஆந் திகதி கண்டிச் சிறையினின்று தப்பியோடினர்.

இவ்விருவரையும் மீண்டும் சந்திக்க நேரும். அதற்கு முன், 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பொது வேலைநிறுத்தத்தின் நடுவே நிறைவேறியதையும், அவசரகால விதிகளுக்கு இந்நாட்டில் அதுவே இன்றும் அடிப்படையாக விளங்குவதையும் குறித்தல் போதும்.

1971 மார்ச் 16ஆந் திகதி அவ்வவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏப்பிரில் 5ஆந் திகதி இரவு மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் நாடெங்கும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். கேகாலை மாவட்டம் கிளர்ச்சி வலுவாக மூண்ட இடங்களுள் ஒன்று. வரக்காப்பொலைப் பக்கத்தே சிலகாலம் அரசின் கை எட்டாதிருந்தது. ஈண்டு அரசுக்கு நேர்ந்த ஆபத்து கற்பனையன்று. ஆயுதம் தாங்கியோரை ஆயுதத்தால் எதிர்க்கவேண்டியிருந்தது. கிளர்ச்சியாளருக்குத் தோட்டத் தமிழர்மீதும் அன்பிருக்கவில்லை. இந்திய விஸ்தரிப்பின் கருவிகள் என்றே அவர்களைப் பற்றித் தம் வகுப்புகளிற் போதித்தனர். இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும், மரண விசாரணையின்றியே சடலங்களை எரிக்கவோ புதைக்கவோ இடமளித்த அவசரகால விதிக்கு நியாயம் காண்பது அரிது. போரிற் கொல்லப்பட்டவன் யார், பிடிபட்ட பின் கொல்லப்பட்டவன் யார் என்று பின்னர் அறிய உதவும் ஒரே சான்று அவ்விசாரணை. அதனை நீக்கியமையால் எந்தப் பொலிஸ் நிலையமும் முன்னிலும் பாதுகாப்படைந்ததாகத் தெரியவில்லை.

அந்த அரசாங்கத்தில் எட்டியாந்தோட்டைத் தொகுதி உறுப்பினர் என். எம். பெரேரா நிதி அமைச்சர். கொல்வின் ஆர். டி சில்வா தோட்டத் தொழிற்றுறைக்கும் அரசியலமைப்பு விவகாரத்திற்கும் பொறுப்பான அமைச்சர். விசாரணையின்றிச் சிறையிருந்த இருவரும், பல்லாயிரம் இளைஞரை விசாரணையின்றித் தடுத்துவைத்த ஆட்சியில் அமர்ந்திருந்தனர். 1972ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள், சாதாரண நீதிமன்றம் ஏற்காத வாக்குமூலங்களையும் ஏற்கத்தக்கனவாயின. மனிதர் மாறுவதுண்டு, அதிகாரத்தின் இயல்பு மாறுவதில்லை என்று இதனைக் கொண்டு சொல்வாருமுளர். அதிகாரம் தம் கையில் இருக்கும்வரை அது தீங்கற்றது என்று நல்லோரும் நம்பிவிடுகின்றனர் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது.

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறிற்று. புதிய அரசாங்கம் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டத்தை நீதிக்கு மாறானதெனக் கண்டு அகற்றியது; பாராட்டத்தக்க செயல். ஆனால் அவ்வரசாங்கமே ஈராண்டு கழியுமுன், வடக்கில் பொலிசாரும் அரசியல்வாதிகளும் சுட்டுக் கொல்லப்படுவதைக் காரணங் காட்டி, பயங்கரவாதத் தடுப்புத் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் என்னும் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. இச்சட்டம் செயற்படும் விதத்தைச் சிறிது நுணுகிப் பார்த்தல் வேண்டும்.

பொதுச் சட்டப்படி, கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துள் நீதவான் முன் கொணர்தல் வேண்டும். இச்சட்டம் அதனை 72 மணித்தியாலமாக்கியது. அன்றியும், 9ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் சந்தேகங் கொள்வாராயின், மும்மூன்று திங்களாகப் பதினெட்டுத் திங்கள் வரை ஒருவரைக் குற்றச்சாட்டின்றியே தடுத்துவைக்கலாம். அவ்வாணையை எந்நீதிமன்றமும் வினவலாகாது என்றது 10ஆம் பிரிவு. பொலிஸ் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டந் தொட்டு வந்த விதி. 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்தினரிடம் அல்லது அவரினும் உயர்ந்தோரிடம் அளித்த வாக்குமூலம் செல்லும் என்றது. அது வருத்திப் பெறப்பட்டதென்று மெய்ப்பிக்கும் பாரத்தையும் வருத்தப்பட்டவர் தலைமீதே சுமத்தியது. பதினெட்டுத் திங்கள் காவலையும் இவ்வாக்குமூலத்தையும் சேர்த்துப் படிப்பவருக்கு, ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும் என்பது விளங்கும். நன்னம்பிக்கையுடன் செய்தவற்றுக்காக எந்த அலுவலர்மீதும் வழக்கில்லை என்றது 26ஆம் பிரிவு. 1915இல் நிகழ்ச்சிக்குப் பின் வந்த பொறுப்பு விலக்கு, இங்கே நிகழ்ச்சிக்கு முன்னரே சட்டத்தினுள் எழுதப்பட்டுவிட்டது.

பிரித்தானியாவிலும் 1974ஆம் ஆண்டில் அயர்லாந்துக் குண்டுவெடிப்புகளின் பின் இதே பெயருடைய ‘தற்காலிக’ச் சட்டம் ஒன்று தோன்றியது. ஆங்கு மேலதிகக் காவல் மொத்தம் ஏழு நாள். அதனைக்கூடக் காலந்தோறும் பாராளுமன்றம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இலங்கைச் சட்டம் மூன்றாண்டுக்கென இயற்றப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயரிலுள்ள ‘தற்காலிக’ என்னும் சொல் மட்டும் எஞ்சிற்று. சட்டத்தின் பெயரிலிருந்த மற்றொரு சொல்லாகிய ‘பயங்கரவாதம்’ என்பதற்குச் சட்டத்துள் வரைவிலக்கணமே கிடையாது. திருக்குறளில் ‘வெருவந்த செய்யாமை’ என்றோர் அதிகாரம் உண்டு. குடிகள் வெருவத்தக்கன செய்தலை அது ஆள்வோன் குற்றமாகப் பேசுகின்றது என்பதைத் தமிழ் மாணவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

இச்சட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலேயே 1981 ஆகஸ்து வந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து இரண்டரைத் திங்களும் ஆகவில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, பெல்மதுளைப் பகுதித் தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் கும்பல்கள் தமிழரைத் தாக்கின. லயங்கள் எரிந்தன; தொழிலாளர் குழந்தைகளுடன் காடுகளிலும் கோயில்களிலும் ஒதுங்கினர். ஆகஸ்து 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தம் கட்சியைச் சேர்ந்தோர் சிலரது பேச்சே வன்செயலுக்கு ஊக்கமளித்தது குறித்து சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன பின்னர் வெளிப்படையாக வருந்தினார். இந்நிகழ்ச்சியில் ஆராய்வோன் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பயங்கரவாதம் என்பதற்குச் சாதாரண மனிதர் கொள்ளும் பொருளில், இரவில் லயத்துக்குத் தீ வைத்தல் பயங்கரவாதமே. அதனைத் தடுக்கும் அதிகாரங்கள் யாவும் அரசின் கையில் இருந்தன. அவை அங்குப் பயன்படவில்லை. தேசியப் பாதுகாப்பு என்னும் சொல்லில் தேசம் அடங்கியது; தோட்டம் அடங்கவில்லை.

1977 ஆகஸ்திலும் இத்தகைய தாக்குதல் நடந்திருந்தது. அத்திங்களில் ஒழுங்கை நிலைநாட்டுமுகமாக நன்னம்பிக்கையுடன் செயற்பட்ட அலுவலரைக் காக்கவென 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பொறுப்பு விலக்குச் சட்டம் நிறைவேறியது. 1988இல் அதன் காலவெல்லை 1988 திசெம்பர் 16 வரை நீட்டப்பட்டது. பாதிக்கப்பட்ட தொழிலாளரோ, இம்மாகாணத்தின் மீது நம்பிக்கை இழந்து, வவுனியாப் பகுதிக்கும் வன்னியின் பிற பகுதிகளுக்கும் பெயர்ந்தனர். அவர்களைக் காடு வெட்டிக் குடியேற்றிக் கல்வியும் மருத்துவமும் அளித்தது காந்தீயம் என்னும் இயக்கம். அதனை நடத்தியோர் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராசசுந்தரமும். அக்குடியேற்றங்கள் போராளிகளுக்கு உதவுவன என்று அரசு ஐயுற்றது. 1983 ஏப்பிரிலில் இருவரும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கைதாயினர். அவ்வாண்டு யூலை 25ஆந் திகதி கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். 27ஆந் திகதி மேலும் 18 பேர். இரண்டாம் நாள் மாண்டோருள் இராசசுந்தரம் ஒருவர். தீயிலிருந்து தப்பியவர்க்கு நிழல் தந்தவர், அரசின் சொந்தக் காவலில், பூட்டிய மதிலுக்குள் மாண்டார். அக்கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டப் புத்தகத்தில் எழுதிய உரிமைக்கும் தொழிலாளி பெற்ற உரிமைக்கும் இடையே வேறு இடைவெளிகளும் இருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பேச்சு, சங்கம், நடமாட்டம் ஆகிய சுதந்திரங்களைப் பிரசைகளுக்கு அளித்தது. நாடற்றோருக்கு அவற்றைப் பத்தாண்டுக்கு மட்டும் தந்தது. தவணை முடிவுடைய அடிப்படை உரிமை உலக அரசியலமைப்புகளில் அரிதாகவே காணப்படும். அடையாள அட்டை பிரசைகளுக்கே உரியதாதலின், யுத்தகாலத்தில் சாவடியில் அதனைக் காட்ட இயலாத தோட்டத்து இளைஞன் ஐயத்திற்குரியவனானான். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு திங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. நீதிமன்றம் கொழும்பில், மகன் தடுப்புக் காவலில், தாய் இறக்குவானை மலையில், நாட்கூலியை இழந்து வழக்கறிஞரைத் தேடிச் செல்பவள். ஒரு திங்கள் அவளுக்கு மிகக் குறுகிய காலம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் முறையிட்டால் விசாரணை நடக்கும் நாள்கள் கணக்கிற் சேரா என்று இதனைச் சிறிது தளர்த்தியது.

அதிகாரம் போதாமையால் நாடு அழிந்தது என்று வாதிடுவோர் மாவனல்லையை எண்ணிப் பார்த்தல் நன்று. 2018 திசெம்பரில் அந்நகர்ப் பக்கத்தே புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. அதைத் தொடர்ந்த புலனாய்வு 2019 சனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் வெடிமருந்துக் களஞ்சியத்தைக் கண்டுபிடித்தது. ஏப்பிரிலில் எச்சரிக்கைகளும் வந்தன. பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் முழுவலுவுடன் இருந்த நாட்டில், 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். குறைபட்டது செயல்; சட்டமன்று. 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் தடுப்புக் காவலின் உச்சத்தைப் பன்னிரண்டு திங்களாகக் குறைத்தது. தடுப்பு நிலையங்களை நீதவான் பார்வையிடவும் வகை செய்தது. ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய 16ஆம் பிரிவை அது தொடவில்லை.

அதிகாரத்திடம் கணக்குக் கேட்ட நிகழ்ச்சிகளும் இம்மாகாணத்தில் இல்லாமற் போகவில்லை. 1989ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1990ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், இரண்டாம் கிளர்ச்சியை அடக்கிய காலத்தில், இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியில் இருபதுக்கு மேற்பட்ட பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டு மீளாமற் போயினர். இவை பொறுப்பு விலக்குச் சட்டத்தின் எல்லை நாளுக்குப் பின் நிகழ்ந்தவை. பெற்றோர் விடாது முறையிட்டனர். ஆட்சி மாற்றமும் உதவியது. 1999 பெப்ரவரி 10ஆந் திகதி இரத்தினபுரி மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் சிலரையும் அம்மாணவரின் பாடசாலை அதிபரையும் குற்றவாளிகளெனக் கண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஓர் அதிபர் இப்பட்டியலில் இடம்பெற்றமை கல்லூரி மலரொன்றைப் படிப்போர் மனத்தில் உறைக்கும்.

1981 முதல் 1984 வரையான இனவன்செயல்களை ஆராய, முன்னாள் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா தலைமையில் உண்மை ஆணைக்குழுவொன்று 2001ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்டது. தம் அறிக்கையை அவர்கள் 2002ஆம் ஆண்டில் கையளித்தனர். லயம் எரிந்த ஆண்டிற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்தொன்று.